பாலாற்றோரம் நான் கண்ட வெந்நீர் ஊற்று

இன்று காலை குடும்ப குரூப்பில் மச்சான் ஒரு படம் போட்டான். ஏதோ நாட்டில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பனைமர உயரம் பீறிடுகிறதாம்.

அதை நான் எண்பதுகளிலேயே கண்டவன்.

"வெந்நீர் ஊத்து காட்டலன்னா மீசைய எடுத்துடறேன்டா" என்று இதே மச்சானிடம் சவால் விட்டு, உத்திரமேரூரிலிருந்து அவனையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பி, வாலாஜாபாத் பக்கம் பாலாற்றோரம் தார்ப்பாயில் கூடாரம் போட்டேன்.

விடிந்ததும் நாணல் புதருக்குள்ளிருந்து வெந்நீர் குபுகுபுவென்று வந்தது. இரண்டு பனை உயரம். சரி, முழங்கால் உயரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சானே இறங்கிக் குளித்தான். என் மனைவி மஞ்சள் தூவிக் கற்பூரம் ஏற்றினாள்.

அப்போது அரிசி மில் ஆள் ஒருவர் வந்து நின்றார்.

"இன்னா சார், நெல்லு வேகவச்ச தண்ணில குளிச்சிக்கினு கீறீங்க? அது எங்க மில்லு குழாய் சார்."

மச்சான் தலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிக்கொண்டே, "மாமா, மீசை" என்றான்.

"தரையிலருந்து வந்திச்சா இல்லியா? சுட்டிச்சா இல்லியா? அத்த சொல்லு மொதல்ல" என்றேன்.

நாற்பது வருஷமாக அவன் மீசையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். என் புரொஃபைல் படத்தில் மீசையைப் பார்த்துவிட்டு நீங்களாவது ஞாயம் சொல்லுங்கள், எடுக்கத்தான் வேண்டுமா?