முதலைக்கு மூன்று சுட்டிகள்

மூக்கண்டப்பள்ளியில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பல்சக்கரங்களை அளந்து, தேறாதவற்றைச் சிவப்புத் தட்டில் போடுவது என் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது. நான் எழுதும் வலைப்பூவிலும் அதே கெடுபிடிதான். ஓசூரைச் சுற்றி எந்தச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்தப் பேருந்து தடம் மாறிவிட்டது, எந்த ஏரிக்குத் தண்ணீர் வந்திருக்கிறது என்றெல்லாம் எழுதுவேன். எழுதுவதை நானே பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சண்டைக்காரர்கள் இருவர் கூடிப் பேசிப் பொய் சொல்ல வழியில்லை என்பது என் கணக்கு.

"இப்ப யாரு உக்காந்து வலைப்பூ படிக்கிறாங்க? ஒரு ரீல்ஸ் போடேன்" என்பார் என் கணவர். படிக்கிறவர்கள் குறைவுதான். ஆனாலும் விடாப்பிடியாக எழுதுகிற எங்களைப் போன்றவர்களைத் திரட்டிக் காட்டும் ஒரு தளம் இருக்கிறது. அதில் தரவரிசை உண்டு. யாருடைய பதிவுக்கு மற்ற வலைப்பூக்களிலிருந்து அதிகச் சுட்டிகள், அதாவது லிங்க்குகள், வருகின்றனவோ, அவர் மேலே. எத்தனை பேர் படித்தார்கள் என்பதெல்லாம் அங்கே பேச்சில்லை. எத்தனை பேர் "அங்கே போய்ப் பாருங்கள்" என்று கைகாட்டினார்கள் என்பதுதான் கணக்கு.

எங்கள் வட்டாரத்தில் எப்போதும் முதலில் நின்றவர் பாகலூர்க்காரர் ஒருவர். சொட்டுநீர்க் குழாய் விற்பவர். அவர் எழுதினால் அன்றைக்கே மூன்று வலைப்பூக்கள் அவருக்குச் சுட்டி கொடுக்கும். கிருஷ்ணகிரி இல்லத்தரசி ஒருவரின் சமையல் பக்கம், ஓர் இன்ஜினியரின் பக்கம், ஒரு பக்தரின் பக்கம். எனக்குச் சுட்டி கொடுக்க நாதியில்லை. பொறாமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஒருநாள் அவர், கெலவரப்பள்ளி அணையில் முதலை நடமாட்டம் என்று எழுதினார். தன் கொழுந்தனார் நேரில் பார்த்ததாக இல்லத்தரசி எழுதினார். தண்ணீருக்கு மேலே தெரிந்த முதுகை வைத்து முழு நீளத்தையும் கணக்குப் போட்டுக் கொடுத்தார் இன்ஜினியர். முதலை கங்கையின் வாகனம், தென்பெண்ணைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றார் பக்தர். எங்கள் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவலுக்கு அணைக்குப் போகிற கூட்டம் அப்படியே நின்றுபோனது.

நான் கணவரைக் கிளப்பிக்கொண்டு அணைக்குப் போனேன். கரையோரம் தக்காளி போட்டிருந்த ஒரு விவசாயியும் பரிசல்காரர் ஒருவரும் வலை அறுந்த தகராறில் முகம் பார்க்காமல் இருந்தார்கள். எனக்கு வாகாகப் போயிற்று.

"மொதலயா? லாரி ட்யூப்புங்க அது. பாதி காத்து போயி மெதந்துக்கினு கெடக்குது" என்றார் விவசாயி.

பரிசல்காரரும் ட்யூப் என்றுதான் சொன்னார். கூடவே, "அந்த ஆளு இன்னா சொன்னாரு?" என்று ஆவலாகக் கேட்டார். அதையேதான் சொன்னார் என்றதும் அவர் முகம் சுருங்கிப்போனது. போனதற்கு நானும் அந்த ட்யூபைப் பார்த்து, படமெடுத்துப் பதிவு போட்டேன். யாரும் சீண்டவில்லை. கேன்டீனில் எங்கள் சூப்பர்வைசர் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"இல்லன்னு நீங்க ஒருத்தர்தான் எழுதறீங்க மேடம். இருக்குதுன்னு நாலு பேர் எழுதிருக்காங்களே?"

அந்த நாலு பேர் என்னைக் குடைந்தார்கள். அன்று மாலையே அந்த மூன்று பக்கங்களையும் ஆதியிலிருந்து படிக்க உட்கார்ந்தேன். பாகலூர்க்காரருக்கு எதையும் "இது கண்கூடு" என்று முடிக்கிற பழக்கம். இல்லத்தரசி வெங்காயம் வதங்கிவிட்டது கண்கூடு என்றார். பக்தருக்குப் பெருமாளின் கருணை கண்கூடு. இன்ஜினியருக்கு மேம்பாலத்தின் விரிசல் கண்கூடு. பாகலூர்க்காரர் மகளுடைய காதுகுத்துக்காக ஒரு வாரம் விடுப்பு அறிவித்தபோது, மற்ற மூவரும் அதே வாரம் வாயே திறக்கவில்லை. இதில் நான் மிகவும் ரசித்தது, ஒரு பதிவின் கீழே இல்லத்தரசியும் இன்ஜினியரும் போட்ட சண்டைதான். "பெண்களை மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று அந்த அம்மாள் சீற, இன்ஜினியர் மன்னிப்புக் கேட்டிருந்தார். பாகலூர்க்காரர் நடுவே புகுந்து சமாதானம் செய்துவைத்திருந்தார்.

கணவரிடம் காட்டினேன். "பாவம், வீட்ல பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல போல" என்றார்.

மறுநாள் நான் ஓர் அழைப்புப் போட்டேன். வட்டார வலைப்பதிவர் சந்திப்பு, ஓசூர் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பேக்கரியில். நேரில் வருகிற ஒவ்வொருவருடைய பக்கத்துக்கும் என் முகப்பில் நிரந்தரச் சுட்டி தரப்படும் என்று தூண்டிலும் வைத்தேன். நாலு பக்கங்களிலிருந்தும் அடுத்தடுத்துச் சம்மதம் வந்தது. நால்வருக்கும் ஞாயிறு மாலைதான் வசதியாம்.

பாகலூர்க்காரர் ஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கூடவே ஓர் அம்மாளும் ஓர் இளைஞரும். "இவங்கதான் சமையல் பக்கம். தம்பி இன்ஜினியர். பக்தர் திருப்பதி போயிருக்கார், ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்" என்றார். அம்மாள் ஒரு புன்னகையோடு உட்கார்ந்து பப்ஸைப் பிரித்தார். நானும் கணவரும் எதிரே உட்கார்ந்தோம்.

"உங்க ராகிக் களி பதிவு படிச்சேங்க. மாவை மொதல்ல நெய்ல வறுக்கணும்னு எழுதிருந்தீங்களே, எவ்ளோ நேரம் வறுக்கணும்?" என்றேன்.

அம்மாளின் கை பப்ஸோடு நின்றது. "களிக்கு மாவ நெய்ல வறுக்கறதா? யாருங்க அப்பிடி எழுதினது?"

"நீங்கதாங்க."

அவர் பாகலூர்க்காரர் பக்கம் திரும்பினார். "ஏமண்டி, இன்னா இது?" என்று ஆரம்பித்துத் தெலுங்கில் சரமாரியாகக் கேட்டார். அந்தக் குரலிலேயே இவர்கள் கணவன் மனைவி என்பது தெரிந்துபோனது. கல்யாண ஜவுளி பார்க்கப் போகிறோம் என்று அழைத்து வந்து, வழியில்தான் "ஒரு அரை மணி நேரம் சும்மா சிரிச்சிக்கினு இரு" என்றாராம். நான் இளைஞரிடம் முதலையின் நீளத்தை எப்படிக் கணக்கிட்டார் என்று கேட்டேன். "எந்த மொதல?" என்றார் அவர். அம்மாளின் கூடப்பிறந்த தம்பி. பாகலூர் சாலையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்.

பாகலூர்க்காரர் கூனிக்குறுகுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ டீயை உறிஞ்சிவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார்.

"மேடம், நீங்க நல்லாத்தான் எழுதறீங்க. ஆனா ஒரே ஆளா எழுதறீங்க. நான் நாலு ஆளா எழுதறேன். ஒரு ஆளு சொன்னா செய்தி, நாலு பேரு சொன்னா உண்மை. வேணும்னா உங்களுக்கும் ரெண்டு பக்கம் ஆரம்பிச்சித் தரேன். ஒரு ரிட்டயர்டு வாத்தியார், ஒரு காலேஜ் பொண்ணு. நல்லா எடுக்கும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கணவர் வேறு, "வாத்தியார் வேணாங்க, தப்புக் கண்டுபிடிப்பார். ஏற்கெனவே வீட்ல ஒருத்தர் இருக்காங்க" என்றார். சிரிக்காமல் இருந்தது அந்த அம்மாள் மட்டும்தான். தன் கணவரின் போனைக் கேட்டு வாங்கி, தம்பி ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட, தான் எழுதியதாகச் சொல்லப்பட்ட சமையலையெல்லாம் முழுதாகப் படித்தார். கத்தரிக்காயில் வெல்லம், கீரையில் பால். பிறகு சொன்னார்:

"ஊரெல்லாம் நான்னு நெனச்சிக்கினுதான இதப் படிச்சாங்க? அதோட பாஸ்வேர்டு குடுங்க. இனிமே நானே எழுதறேன்."

கொடுக்காமல் அவர் வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

அம்மாளின் முதல் பதிவு ராகிக் களி. உலை வைப்பதிலிருந்து துடுப்பால் கிண்டி உருண்டை பிடிப்பது வரை. இரண்டாவது பதிவில், தனக்குக் கொழுந்தனாரே கிடையாது, அணையில் கிடப்பது லாரி ட்யூப் என்று எழுதி, என் பதிவுக்குச் சுட்டி கொடுத்திருந்தார். நான் பெற்ற முதல் சுட்டி அது. ஷிப்ட் முடிந்து பேருந்தில் நின்றபடி அதைப் பார்த்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

அதன்பின் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. மாலூர், ஆனேக்கல் பக்கத்துப் பெண்கள் கன்னடத்தில் பின்னூட்டம் போட, இவர் தமிழில் பதில் சொல்கிறார். எல்லாம் நிஜ ஆட்கள், நிஜச் சுட்டிகள். தரவரிசையில் அவர் முதலாவது. நான் நடுவில். அதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் அவர் வீட்டுச் சாம்பார்ப் பொடி என் சமையலறையில் இருப்பதால் வெளியே காட்டிக்கொள்வதில்லை.

இன்ஜினியரும் பக்தரும் மறைந்துவிட்டார்கள். பாகலூர்க்காரர் இப்போது ஒரே ஆளாகக் குழாய்களைப் பற்றி எழுதுகிறார். சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்துக்கொண்டால் எப்படிச் சுத்தம் செய்வது என்று போன மாதம் எழுதியிருந்தார். தெளிவான பதிவு. அணைக்கரை விவசாயியும், தோட்டம் வைத்திருக்கும் பரிசல்காரரின் அண்ணனும் செய்து பார்த்து, வேலை செய்கிறது என்று தனித்தனியாகச் சொன்னார்கள். நான் அதற்குச் சுட்டி கொடுத்தேன். அன்றே போன் வந்தது.

"மேடம், எனக்கு லிங்க் வந்துருக்குது. இது நெஜமாவே நீங்க போட்டதா?"

நான்தான் என்றேன்.

"உங்க வூட்டுக்காரர் இல்லியே?" என்றார்.