பொலிதேயாமா வரிசையிலை என்ரை ஓட்டோ

ஊர் சுத்திக் காட்டுற தொழிலிலை முதல் படிக்க வேண்டியது அரண்மனையளின்ரை சரித்திரமில்லை. எந்தக் கஃபேக்காரன் முகத்தைச் சுளிக்காமல் கழிப்பறைப் பூட்டின்ரை திறப்பைத் தருவான் எண்டதுதான். வான், வாடகைக் கார், ஓட்டோ எண்டு எதிலையாவது சனத்தை ஏத்தி இறக்கிப் பிழைக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும். விளங்காத ஆக்கள் குடுத்து வைச்சவை, அவை தங்கடை வேலையைப் பாக்கட்டும்.

நான் ஓட்டுறது இத்தாலியிலை, பலெர்மோவிலை. எங்கடை ஓட்டோவை இஞ்சை ஆப்பே எண்டுவினம். மூண்டு சில்லு, மேலை சீலைக் கூரை, பின்னுக்கு எதிரெதிரா இருக்கை. ஒரு காலத்திலை அராபியரும் பிறகு நோர்மன் ராசாக்களும் ராசதானியா வைச்சிருந்த ஊர் இது. அதைப் பாக்க வாற சனத்தை ஏத்திக்கொண்டு திரியிறன். இதுக்கு முந்தி லிபெர்த்தாத் தெருப் பக்கம் ஒரு பெரிய வீட்டிலை, சிஞ்ஞோரா எண்டு நான் கூப்பிடுற வயசு போன இத்தாலியக்காரி ஒருத்தியைப் பாத்துக்கொண்டு அங்கையே தங்கி வேலை செய்தனான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்ரை வீட்டுக்குப் போறது. மகள் அபிக்கு முதல் பல்லு விழுந்ததையும் நான் போனிலைதான் கேட்டனான். இப்ப அவள் என்னைவிட உயரம்.

சிஞ்ஞோரா கண்ணை மூடின பிறகு, இனி ஆற்றை வீட்டிலையும் போய்ப் படுக்கிறேல்லை எண்டு முடிவெடுத்து, பழைய ஆப்பே ஒண்டை வாங்கினன். என்ரை மனுசன் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலை மீன் சாப்பாட்டுக் கடைக் குசினியிலை வேலை. கணவாய் கழுவின கையோடை நிண்டு, "உனக்கென்ன விசரோ?" எண்டார். சிஞ்ஞோராவின்ரை பெறாமகள், அதுதான் தங்கச்சியின்ரை மகள், அவரைவிடக் கெட்டிக்காரி. தன்ரை தாயை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்து வைச்சுப் பாத்துக்கொள்ள என்னை வரச்சொல்லிக் கேட்டவ. நான் ஏலாது எண்டதுக்கு அவ கோவிக்கேல்லை. "கோடை முடியும் வரைக்கும் உன்ரை அறையைப் பூட்டி வைச்சிருக்கிறன், நீ வருவாய்" எண்டு மட்டும் சொன்னா.

அந்த அறைக்கு நான் திரும்பிப் போகக் கூடாது. அதுக்குப் பொலிதேயாமா நாடக அரங்குக்கு முன்னாலை நிக்கிற ஆப்பே வரிசையிலை எனக்கு ஒரு இடம் வேணும். என்ரை முழுக் கோடையும் இந்த ஒரு இடத்துக்காகப் போனதுதான்.

இந்த ஊர் ஆள்

வரிசைக்கு எழுதின சட்டம் ஒண்டும் இல்லை. காலமை முதல் வந்து நிக்கிறவைக்கு முதல் சவாரி, அதுதான் முறை. ஆனால் முறையைப் பாக்கிறது சல்வோ எண்டவன். கன காலமா அங்கை நிக்கிறவன், மற்றவை அவன்ரை கண்ணைப் பாத்துத்தான் நடக்கிறவை. அவன்ரை ஆப்பே முழுக்க, இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவின்ரை படம் ஒட்டிக் கிடக்கும். நான் விடிய எழும்பி ஓடிப்போய் முதலாவதா நிண்டாலும், சல்வோ வந்து ஒரு விரலாலை பின்னுக்குக் காட்டுவான். எனக்குக் கொதி ஏறும். ஆனாலும் ஆப்பேயைக் கொண்டுபோய்க் கடைசியிலை விட்டுப்போட்டு, அடுத்த நாளும் முதலாவதா வந்து நிப்பன். ஆருக்கு முதல் களைக்குதெண்டு பாப்பம்.

ஒரு நாள் மற்ற ஆப்பே எல்லாம் சவாரி போயிட்டுது, நான் மட்டும்தான் மிச்சம். மிலானோவிலையிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தினம். முதல் நாள் பின்னேரம்தான் பலெர்மோவிலை கால் வைச்சவையாம். நான் வந்து இருபது வருஷத்துக்கு மேலை. அவை என்னைப் பாத்தினம், ஆப்பேயைப் பாத்தினம், திரும்ப என்னைப் பாத்தினம். "ஏறுங்கோ" எண்டன். அந்த மனுசி நல்ல மரியாதையாத்தான் சொன்னா: "கோவியாதையுங்கோ, இந்த ஊர் ஆள் ஒருத்தர் ஓட்டினால்தான் எங்களுக்கு ஊரைப் பாத்த மாதிரி இருக்கும்."

காப்பி

சென்னையிலையிருந்து கப்பலிலை வந்த குடும்பம் ஒண்டு என்னைக் கண்டதும் ஓடி வந்துது. "அட, தமிழா!" எண்டு கையைப் பிடிச்ச அந்த அக்காவுக்குக் கண் கலங்கிப் போச்சு. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்துது. அவவின்ரை புருசன் வங்கியிலை பெரிய வேலையிலை இருந்து ஓய்வு எடுத்தவர். ஆள் ஒரு அவசரக்காரர். நாலு மூலையிலையும் சிலையள் நிக்கிற பழைய சந்தியிலை நிப்பாட்டினன். சிலையை நிமிந்து பாக்க முந்தி, "அடுத்து என்ன?" தேவாலயத்திலை நிப்பாட்டினன். "அடுத்து என்ன?" நோர்மன் ராசாவின்ரை அரண்மனை வாசல்லையும் அதே கேள்வி. ராசா உயிரோடை இருந்து கதவைத் திறந்திருந்தாலும் இவர் அதைத்தான் கேட்டிருப்பார்.

கடைசியா அக்கா, "ஒரு வாய் காபி குடிச்சா தேவலை" எண்டா. நல்ல கடையாப் பாத்துக் கூட்டிக்கொண்டு போனன். இஞ்சத்தைக் காப்பி தெரியும்தானே, விரல் மொத்தக் கோப்பை, அதிலையும் அரைவாசி. ஐயா அதை வாங்கி, ஒரு இழுவையிலை குடிச்சு, கோப்பையைத் திருப்பி வைச்சுப்போட்டு, கடைக்காரனையும் என்னையும் மாறி மாறிப் பாத்தார். "சரிம்மா, டேஸ்ட் பாத்தாச்சு, காபி எப்ப வரும்?"

வாசல்லை சப்பாத்து

ரொறொன்ரோவிலையிருந்து என்ரை மனுசன்ரை மாமி வந்தவ. கனடாவிலை காலம் முழுக்கச் சீவிச்ச மனுசி, பேரப்பிள்ளையள் வாங்கிக் குடுத்த பளபளக்கிற புதுச் சப்பாத்து. தேவாலயத்தைப் பாக்கக் கூட்டிக்கொண்டு போனன். வாசல்லை நிண்டு அதைக் கழட்டிப்போட்டு விறுவிறெண்டு உள்ளை போயிட்டா. நான் தடுத்திருக்க வேணும். தடுக்கிறதை விட்டுட்டு நானும் கழட்டிப்போட்டுப் பின்னாலை போறன். மலையிலை இருக்கிற சாந்தா ரொசாலியாவின்ரை குகைக்கு எங்கடை சனம் வெறுங்காலோடைதான் போறது, அந்தப் பழக்கம் காலிலை ஊறிப் போச்சு.

மார்பிள் நிலம் ஐஸ் மாதிரிக் குளிர். மாமி எல்லாச் சுரூபத்துக்கும் முன்னாலை நிண்டு கும்பிட்டு, எல்லாருக்கும் சுகம் கேட்டு, வெளியிலை வந்து பாத்தால் ரெண்டு சோடியையும் காணேல்லை. "ஐயோ, என்ரை புதுச் சப்பாத்து!" எண்டு மாமி குளறுறா. அந்த நேரம் பாத்துத்தான் சல்வோ தன்ரை சவாரியோடை அதாலை வரவேணுமோ? வெறுங்காலோடை தெருவிலை நிக்கிற எங்களைப் பாத்து ரெண்டு தரம் ஹோண் அடிச்சுப்போட்டுப் போறான். பிறகு பாத்தால், வாசல்லை இருந்து பிச்சை கேக்கிற மனுசி எல்லாத்தையும் ஒரு பையிலை போட்டு, கள்ளர் எடுத்திடாமல் அதுக்கு மேலை இருக்கிறா. எழும்பித் தந்துபோட்டுச் சொன்னா: "கோயிலுக்குள்ளை குடையை மறக்கிறவையைக் கண்டிருக்கிறன், வாசல்லை சப்பாத்தை மறக்கிறவையை இண்டைக்குத்தான் காணுறன்."

சிஞ்ஞோராவின்ரை இத்தாலியன்

மாளிகையளுக்கு உள்ளை போய் விளக்கம் சொல்ல, லைசென்ஸ் எடுத்த கைடுமாருக்குத்தான் உரிமை. ஓட்டுற நாங்கள் வெளியிலை நிண்டு கையைக் காட்டலாம். எனக்கு அது காணும். ரோமாவிலையிருந்து வந்த ஒரு இளஞ்சோடியை ஒரு பழைய மாளிகைக்கு முன்னாலை நிப்பாட்டி, எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னன். அந்த உயரத்துச் சன்னலை எந்தப் பக்கத்தாலை ஏறித் துடைக்கிறது. கொத்து விளக்கைக் கழட்டினால் பிறகு பூட்டுறதுக்குள்ளை எப்பிடி இடுப்பு நாரி முறியும். மார்பிளிலை வினாகிரி பட்டால் என்ன கதி. ராசா ராணி கதையள் எல்லாருந்தான் சொல்லுவினம், உதை ஆர் சொல்லுவினம்?

சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டினம். என்ரை இத்தாலியன் பாஷையும் அவைக்கு ஒரு புதினமாப் போச்சு. அது தெருவிலை படிச்சதில்லை, சிஞ்ஞோரா கட்டிலிலை கிடந்தபடி ஒவ்வொரு சொல்லாத் திருத்தித் தந்தது. தண்ணி கேக்கிறதெண்டாலும் ஒரு "தயவுசெய்து", ஒரு "உங்களுக்குச் சிரமமில்லாட்டி" இல்லாமல் அவவின்ரை வீட்டிலை தண்ணி கிடையாது. இறங்கேக்கை அந்தப் பெட்டை என்ரை தோளிலை கை போட்டுச் சொன்னாள்: "நீங்கள் கதைக்கேக்கை, பழைய சீமாட்டி ஒருத்தி மாளிகையை வித்துப்போட்டு ஆப்பே ஓட்டுற மாதிரி இருக்கு."

சாந்தாவிட்டை முறைப்பாடு

சவாரி இப்பிடி ஒண்டு ரெண்டு விழுந்தாலும் வரிசையிலை நான் கடைசிதான். கோடையும் ஓடிக்கொண்டு போகுது. அபி பின்னேரத்திலை கதவைத் திறக்கேக்கை, "அல்லோரா அம்மா, அப்ப நாளைக்கும் வீட்டை வருவீங்கள்தானே?" எண்டு கேக்கிறாள். பகிடியாத்தான் கேக்கிறாள், ஆனால் முகத்தைப் பாத்தால் பகிடி இல்லை. பொறுத்தது காணும் எண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய, எங்கடை சனத்தோடை சேந்து மலை ஏறினன். இஞ்சை சைவக்காரர் நாங்கள் சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைக்கிறதை ஒருத்தரும் புதினமாப் பாக்கிறேல்லை. கேட்டால் தருவா, அதுதான் கதை.

குகைக்குள்ளை கண்ணாடிக்குப் பின்னாலை பொன் உடுப்போடை சாந்தா சிலையாப் படுத்திருக்கிறா. முழங்காலிலை நிண்டு கேட்டு முடிச்சுக் கண்ணைத் திறந்தால், பக்கத்திலை சல்வோ! வேர்த்து விறுவிறுத்து, முழங்காலைத் தடவிக்கொண்டு நிக்கிறான். "நீ இந்துதானே, எங்கடை சாந்தாவிட்டை என்ன கேக்கிறாய்?" எண்டான். எனக்கும் கொதிதானே. "பொலிதேயாமாவிலை ஒருத்தன் எனக்கு இடம் தாறானில்லை, அவனைக் கொஞ்சம் கேளுங்கோ எண்டு சொன்னனான்" எண்டன். அவன் திகைச்சுப் போனான். பிறகு தலையைக் குனிஞ்சு, தன்ரை மகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்குது, வயித்திலை குழந்தை குறுக்கை கிடக்குது, வெறுங்காலோடை ஏறி நேர்த்தி வைக்க வேணுமெண்டு நினைச்சும் இந்த முழங்கால் விடேல்லை, காரிலைதான் வந்தனான், கடைசிப் படியள் ஏறவே ஏலேல்லை எண்டான்.

நான் பெரிய நல்ல மனுசி எண்டு நினையாதையுங்கோ. ஆனால் பிள்ளைப்பேறு எண்டால் எங்களுக்குச் சண்டைக்காரன் எண்டொருத்தன் இல்லை. ஆள் ஏலாட்டி அவருக்காக இன்னொருத்தர் நேர்த்தியைச் செய்யிறதும் எங்கடை பழக்கம். "மகளின்ரை பேரைச் சொல்லு, வாற ஞாயிறு அவளுக்காக நான் வெறுங்காலோடை ஏறுறன்" எண்டன். அவன் பேரைச் சொன்னான். சொல்லிப்போட்டு, என்னை ஒரு மாதிரிப் பாத்துக் கேட்டான்: "அப்ப எனக்கெதிரா வைச்ச முறைப்பாடு?"

முன்னுக்கு நிக்கிறவ

சொன்ன மாதிரி அடுத்த ஞாயிறு ஏறினன். கல்லுப் பாதை, வெயில், உள்ளங்கால் கொப்பளிச்சுப் போச்சு. என்ரை விஷயத்தைத் திரும்பக் கேக்கேல்லை. ஒருக்காச் சொன்னது காணும், சாந்தாவுக்குக் காது கேக்கும்.

கோடை முடியிற கிழமை. காலமை வழமை போல முதலாவதா வந்து நிக்கிறன், போன் அடிக்குது. சிஞ்ஞோராவின்ரை பெறாமகள். "என்ன முடிவு? பின்னேரத்துக்குள்ளை சொல்லு, இல்லாட்டி வேறை ஆளைப் பாக்கவேணும்" எண்டா. பின்னேரம் சொல்லுறன் எண்டு போனை வைச்சன். அந்த நேரம் சல்வோ தன்ரை ஆப்பேயோடை வந்து சேந்தான். நான் அந்த விரலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். விரல் எழும்பேல்லை. தன்ரை ஆப்பேயை எனக்குப் பின்னாலை கொண்டுவந்து விட்டான். கண் சிவந்து கிடக்கு, நித்திரை இல்லாத முகம், ஆனால் வாயெல்லாம் சிரிப்பு. பேத்தி பிறந்திட்டாளாம், தாயும் பிள்ளையும் சுகமாம். எனக்குக் கண்ணீர் வந்திட்டுது, மறைக்கேல்லை.

கொஞ்ச நேரத்திலை தொரினோவிலையிருந்து வந்த ரெண்டு பெண்டுகள் என்னைத் தாண்டி நேரை சல்வோவிட்டைப் போய், தங்களுக்கு இந்த ஊர் ஆள் ஒருத்தர்தான் வேணும் எண்டினம். மற்ற ஓட்டுநர்மார் எல்லாரும் திரும்பிப் பாக்கினம். சல்வோ கையைத் தூக்கினான். அதே விரல்தான், ஆனால் இந்தமுறை முன்னுக்கு, என்னைக் காட்டினான்: "இந்த ஊர் ஆள்தானே வேணும்? உந்தா முன்னுக்கு நிக்கிறா, எங்கடை சாந்தாவே அவவின்ரை சொல்லைத்தான் கேக்கிறா."

அண்டு பின்னேரம் பெறாமகளுக்குப் போன் அடிச்சு, "அந்த அறையைத் திறந்து விடுங்கோ, காத்து வரட்டும்" எண்டு சொன்ன இந்த ஊர்க்காரிக்கு, கஃபேக்காரனிட்டைக் கழிப்பறைத் திறப்பைக் கெஞ்சி வாங்கிற வேலை மட்டும் இண்டைக்கும் தீரேல்லை.