பாஞ்சாலி திருப்பிக் கொடுத்த சாவி

பாஞ்சாலி ஒரு செடியைத் திட்ட ஆரம்பித்தால் ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். "தின்னுறதெல்லாம் தின்னுட்டு ஒரு மொட்டு வைக்கத் துப்பில்ல, இதுல தளதளன்னு எலை வேற!" என்று அவள் செம்பருத்தியோடு மல்லுக்கு நிற்பது பெங்களூர் மல்லேஸ்வரத்தின் அந்தக் குறுக்குத் தெருவுக்குப் பழகிப்போன காலைச் சத்தம். வேடிக்கை என்னவென்றால், அடுத்த வாரமே அந்தச் செம்பருத்தி பூத்துவிடும். பயந்துபோய்ப் பூத்தது என்பாள். இருக்கலாம், யார் கண்டது? அவள் அப்படிச் சத்தம் போட்டால் எனக்கே பயமாகத்தான் இருக்கும்.

அவள் வீடு ஒக்கலிபுரத்தில், ரயில் போகும்போது அடுக்கில் இருக்கும் டம்ளர்கள் ஆடுகிற தூரத்தில். புருஷன் ரயில் பெட்டி கழுவுகிற வேலையில் இருந்து, மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான். கையில் ஆறு வயசில் ஒரு பெண் குழந்தை, ரக்ஷிதா. அப்போதுதான் பாஞ்சாலி சீனிவாசராகவன் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வந்தாள்.

சீனிவாசராகவன் கர்நாடக அரசின் விதான சௌதாவில் பெரிய பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் கையெழுத்துக்காக வராந்தாவில் நாள் கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. வீட்டில் மட்டும் ஒரு ரோஜாச் செடி அவர் சொல் கேட்கவில்லை. காலையும் மாலையும் அதன் தலையில் அவர் தண்ணீர் ஊற்ற ஊற்ற, அது வெளுத்துக்கொண்டே வந்தது. நாலு நாள் பார்த்தாள் பாஞ்சாலி. ஐந்தாம் நாள் கையில் சபீனாத் தூளோடு வெளியே வந்து, "சார், அது குளிச்சு குளிச்சே சாவுது, விட்டுடுங்க" என்றாள். அவர் குவளையைக் கீழே வைத்தார். அடுத்த மாதம் பாத்திரத்துக்கு வேறு ஆள் வந்தாள். பாஞ்சாலி தோட்டத்துக்கு வந்தாள்.

பத்து வருஷத்தில் ஒரு வீடு ஆறு வீடாயிற்று. விடிந்து ஆறு மணிக்கெல்லாம் வேலை தொடங்க வேண்டும், அந்நேரத்துக்கு யார் எழுந்து வருவது? அதனால் ஆறு வீட்டு கேட் சாவியும் அவள் இடுப்பில்தான். எழுத்து தெரியாது என்பதால் ஒவ்வொரு சாவிக்கும் ஒவ்வொரு நிறக் கயிறு. சீனிவாசராகவன் வீட்டுச் சாவிக்குப் பச்சை. அவர் மனைவி ரமாவின் பழைய புடவைக் கரையைக் கிழித்துத் திரித்தது. அந்தச் சாவிக்கொத்து சலசலக்க நடப்பதில் அவளுக்கு ஒரு கெத்து இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆறு குடும்பம் அவளை நம்பித் தூங்குகிறது என்றால் சும்மாவா?

தொட்டி வைப்பதிலும் அவளுக்கென்று ஒரு முறை. மற்ற தோட்டக்காரர்கள் தொட்டியின் அடி ஓட்டையில் ஓட்டுச் சில்லு ஒன்றைப் போட்டு மண்ணைக் கொட்டுவார்கள். பாஞ்சாலி கொட்டாங்குச்சி கவிழ்ப்பாள், அதுவும் கண் இருக்கிற பாதியை. மூன்று கண்ணில் ஒன்றை மட்டும் ஆணியால் துளைப்பாள். "தண்ணி எறங்கணும், ஆனா சாவகாசமா எறங்கணும்." தேங்காய் உடைத்தால் கண் பாதியை எடுத்து வைக்க வேண்டும் என்பது ஆறு வீட்டு அடுப்படிக்கும் அவள் போட்ட சட்டம்.

அந்தத் தெருவின் தீராத தொல்லை பூத் திருட்டு. திருடர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? வாக்கிங் போகிற பெரிய மனுஷர்கள். கான்வாஸ் ஷூ, மப்ளர், கையில் பிளாஸ்டிக் கவர், சிலரிடம் கொம்பு வளைந்த குடை. குடை மழைக்கு அல்ல, கிளையை வளைக்க. கேட்டால் சாமிக்கு என்பார்கள். ஒருநாள் நந்தியாவட்டையை மொட்டையடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளைப் பாஞ்சாலி பிடித்துவிட்டாள். "ஏன் மேடம், தேவரு கள்ளத்தன மாடு அந்த ஹேளித்னா?" என்று கன்னடத்தில் ஒரு போடு போட்டாள். திருடிக்கொண்டு வரச் சொல்லி எந்த சாமி கேட்டது? அந்த அம்மாள் கவரை மூடிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தவர், பிறகு அடுத்த தெரு வழியாகத்தான் போனார்.

பூ போனால் மறுநாள் பூக்கும். தொண்ணூற்றேழு ஆகஸ்டில் போனது பூ அல்ல.

குடியிருப்போர் சங்கம் அந்த வருஷம் முதல் முறையாக வீட்டுத் தோட்டப் போட்டி வைத்திருந்தது. சங்கச் செயலாளர் நாணு, பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், வீடு வீடாகப் போய்ப் பேர் எழுதிக்கொண்டு வந்தார். சீனிவாசராகவனுக்கு மூன்று ஆந்தூரியம் தொட்டிகள் மேல் உயிர். பாஞ்சாலி இரண்டு வருஷம் தேங்காய் மட்டையும் அடுப்புக் கரியும் போட்டு, நிழலில் வைத்து, பச்சைக் குழந்தை போல வளர்த்தவை. இலையில் பூச்சி விழுந்தபோது பிளேடால் அந்த ஓரத்தை மட்டும் பிறை மாதிரி நறுக்கிக் காப்பாற்றியவள் அவள்தான். இப்போது மூன்றும் சிவப்புப் பூ தள்ளி நின்றன. பரிசு அவருக்குத்தான் என்று தெருவே பேசிக்கொண்டது.

போட்டிக்குப் பத்து நாள் முன்னால், ஆறு மணிக்குப் பாஞ்சாலி வந்தபோது பூட்டு திறந்து கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று தொட்டியும் இல்லை. இழுத்துக்கொண்டு போன வேகத்தில் வாசல் ரோஜாக்கள் நாலும் அடியோடு முறிந்து கிடந்தன. புல்தரை சேறும் செருப்புத் தடமுமாக இருந்தது. "ஐயோ, யாரு பெத்த கையிடா இது!" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் வீடு எழுந்தது. முறிந்த ரோஜாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். இதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு இதைக்கூட நடிப்பு என்று சொன்னார்கள்.

அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர் நாணு. பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடைக்கலை. நெம்பலை. சாவி போட்டுத்தான் திறந்திருக்கு. இவாளுக்குத் தொழிலே அதுதான் சார், இந்தாத்துல எடுத்து அந்தாத்துல விக்கறது." பாஞ்சாலி பத்தடி தூரத்தில்தான் நின்றாள். அவள் காதில் விழும் என்று அவர் நினைக்கவில்லை, அல்லது விழுந்தால் என்ன என்று நினைத்தார்.

சீனிவாசராகவன் நல்ல மனுஷர். திருடி என்று அவர் சொல்லவில்லை. போலீஸ் என்றுகூடச் சொல்லவில்லை. சாயங்காலம்வரை வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு, அவள் கிளம்பும்போது தரையைப் பார்த்தபடி, "பாஞ்சாலி, சாவியைக் கொடுத்துடும்மா. தப்பா ஒண்ணும் நினைச்சுக்காதே" என்றார்.

தப்பாக நினைக்காமல் பின்னே எப்படி நினைப்பதாம்? நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் எட்டு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பாள். ரமா உள்ளே கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாரே தவிர வெளியே வரவில்லை. பாஞ்சாலி பச்சைக் கயிற்றுச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றித் திண்டில் வைத்தாள். "செடி எடுக்கிறவளா இருந்தா ரோஜாவ ஒடிச்சிருக்க மாட்டேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்று வீட்டுச் சாவி போயிற்று. ஒருவர் பூட்டு மாற்றுகிறோம் என்றார், ஒருவர் மகன் வந்திருக்கிறான் என்றார். மூன்றாவது வீட்டில் காரணம் சொல்லும் மரியாதைகூட இல்லை. மிச்சம் இரண்டே வீடு. "எங்காத்துல என்னடி இருக்கு திருட, நீ பாட்டுக்கு வா" என்றார் அதில் ஒருவரான ஜகதாம்பாள் டீச்சர். ஆறுதலுக்குத்தான் சொன்னார், ஆனாலும் குத்தியது. திருடி என்று பேர் எடுத்த தோட்டக்காரிக்கு இந்த ஊரில் எந்த கேட் திறக்கும்? இடுப்பில் இரண்டு சாவி சத்தமே போடவில்லை. வீட்டில் ரக்ஷிதா ஏன் சீக்கிரம் வந்துவிட்டாய் என்று கேட்டபோது, "எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்க" என்று முதல்முறையாக மகளிடம் பொய் சொன்னாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. மூன்று நடுவர்கள் வீடு வீடாக நடக்க, பின்னால் தெருவே கூட்டமாக நடந்தது. போட்டியிலிருந்து பேரை எடுத்துவிட்டாலும் சீனிவாசராகவனும் ரமாவும் மரியாதைக்கு வந்திருந்தார்கள். ஜகதாம்பாள் டீச்சர் பேர் கொடுத்திருந்ததால் பாஞ்சாலியும் கூடவே போனாள். யாரும் அவளோடு பேசவில்லை.

ஐந்தாவது வீடு நாணுவுடையது. படிக்கட்டின் இரண்டு பக்கமும் புதிதாகக் காவி அடித்த தொட்டிகள். அதில் மூன்று ஆந்தூரியம். பாஞ்சாலி நின்றுவிட்டாள். நடுத் தொட்டியில், கீழ் இலையில், பிளேடால் நறுக்கிய பிறை.

"இது எங்க சார் செடி" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள், அவளுக்கு மெதுவாகச் சொல்ல வராது.

நாணுவின் முகம் சிவந்தது. "வாயை அடக்கு! தள்ளுவண்டிக்காரன்கிட்ட காசு கொடுத்து வாங்கினது. உலகத்துல உன் சார்கிட்ட மட்டும்தான் ஆந்தூரியம் இருக்கா?"

"காசு குடுத்திருப்பீங்க, நான் இல்லேங்கல. தொட்டியக் கவுத்துப் பாருங்க. அடியில கொட்டாங்குச்சி இருக்கும். கண்ணு இருக்கற பாதி. அதுல ஒரு கண்ணு மட்டும் ஆணி அடிச்சிருக்கும். இல்லேன்னா இந்த ரெண்டு சாவியும் வாங்கிக்குங்க, நான் இந்தப் பக்கமே வரல."

நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் யாரோ, நேரமாகிறது என்றார். அப்போது பின்னாலிருந்து சீனிவாசராகவன் முன்னால் வந்தார். "கவிழ்த்துப் பாத்துடலாம் நாணு. அவ்வளவு கேக்கறாளே."

"சரி, கவுத்துக்கோ" என்றார் நாணு.

பாஞ்சாலி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொட மாட்டேன் சார். தொட்டா நானே உள்ள வச்சுட்டேன்னுவீங்க. நீங்களே கவுருங்க."

இஸ்திரி போட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாணு குந்தினார். தொட்டியைச் சாய்த்து விளிம்பைத் தட்டினார். வேரும் மட்டைத் துண்டும் கரியுமாக மொத்தமாக வெளியே வந்தது. அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கொட்டாங்குச்சி கழன்று, படியில் உருண்டு, சீனிவாசராகவன் செருப்பருகே போய் நின்றது. அவர் எடுத்து மண்ணைத் துடைத்தார். மூன்று கண், ஒன்றில் மட்டும் ஓட்டை. அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார்.

நாணு எழுந்திருக்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "பாதி விலை சொன்னான் சார். எங்கேர்ந்து கொண்டு வந்தேன்னு கேக்கணும்னே தோணலை" என்றார். பாவம், அந்த வயதில் தெரு பார்க்க இப்படி உட்கார வேண்டியிருந்தது. மூன்று தொட்டியையும் அவரே தூக்கி, ஒவ்வொன்றாக, சீனிவாசராகவன் வீட்டுக்கு நடந்து கொண்டுபோய் வைத்தார். தள்ளுவண்டிக்காரன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. பரிசு யாருக்குக் கிடைத்தது என்று இன்றைக்கு அந்தத் தெருவில் யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் காலை சீனிவாசராகவன் பஸ் பிடிக்காமல், நடந்தே ஒக்கலிபுரம் வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார். "அன்னிக்கு முந்தின ராத்திரி பூட்டை மாட்டினது நான்தான். அழுத்திப் பூட்டினேனான்னு எனக்கு ஞாபகம் இல்லை பாஞ்சாலி. நாணு பேசறச்சேயே அது எனக்குத் தோணித்து. நான் வாயைத் திறக்கலை." பச்சைக் கயிற்றுச் சாவியை நீட்டினார்.

அவ்வளவு பெரிய மனுஷர் வாசலில் நிற்கிறாரே என்று அவள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். ஆனாலும் சாவியை வாங்கவில்லை.

"வேலைக்கு வரேன் சார். ரோஜா நாலும் நாறிக் கெடக்கும், வந்துதான் ஆகணும். சாவி வேணாம். நான் பெல் அடிக்கறேன், நீங்க வந்து தொறங்க. நான் வரதும் போறதும் நீங்களே பாத்துக்குங்க."

அப்படித்தான் நடந்தது. மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் சாவியோடு வந்தார்கள். அவர்களிடம் சரிதான் என்று வாங்கிக்கொண்டாள். அவர்களிடம் அவளுக்குக் கோபம்தான், வருத்தம் இல்லை. இவர் ஒருவரிடம் மட்டும் வாங்கவில்லை. ரமா கெஞ்சிப் பார்த்தார், தீபாவளிப் புடவையோடு சேர்த்து வைத்துக் கொடுத்தும் பார்த்தார். புடவையை எடுத்துக்கொண்டு சாவியைத் தட்டிலேயே விட்டுவிட்டாள்.

டிசம்பர் குளிரோ ஜூலைத் தூறலோ, ஆறு மணிக்கு பெல் அடிக்கும். சீனிவாசராகவன் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக வந்து கேட்டைத் திறப்பார். "வாம்மா" என்பார். ஒருநாள்கூட அலுத்துக்கொண்டதில்லை, வேறு யாரையும் அனுப்பியதும் இல்லை. போகப் போக பெல் அடிக்கும் முன்பே வந்து நிற்கத் தொடங்கினார். அவள் மண் கிளற அவர் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுப்பார். ரக்ஷிதா பி.யு.சி முடித்தது, ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் அவருக்கு முதலில் தெரிந்தது அந்த கேட்டடியில்தான். ஆறு வருஷம்.

இரண்டாயிரத்து மூன்றில் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள், பாஞ்சாலி பெல் அடித்துவிட்டு, இன்றைக்கு ரமாதான் வருவார் என்று நின்றாள். கதவு திறந்தது. வாக்கரை ஒரு தப்படி நகர்த்தி, நின்று, மூச்சு வாங்கி, இன்னொரு தப்படி நகர்த்தி அவரே வந்துகொண்டிருந்தார். வராந்தாவிலிருந்து கேட் வரைக்கும் இருபதடி. பின்னால் ரமா, "சொன்னா கேக்க மாட்டேங்கறார்டி" என்று தவித்துக்கொண்டு வந்தார்.

"சார்! என்ன சார் பேஜாரு இது? புத்தி இருக்கா உங்களுக்கு? காலு போச்சுன்னா யாரு பாக்கறது?" என்று செம்பருத்தியிடம் கத்துகிற அதே குரலில் கத்தினாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு பூட்டைத் திறந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "நான்தானே திறக்கணும்" என்றார்.

பாஞ்சாலிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உள்ளே வந்து, கையை நீட்டினாள். "குடுங்க அந்தச் சாவிய."

ஆறு வருஷமாக அதை வீட்டுச் சாவிக்கொத்தில் சேர்க்காமல், தனியாக வைத்துத்தான் அவர் தினமும் கேட்டைத் திறந்து வந்தார். பச்சைக் கயிறு மட்டும் நிறம் போய் நைந்திருந்தது. பாஞ்சாலி அதை இடுப்பில் முடிந்துகொண்டு, மறு கையால் அவர் முழங்கையைத் தாங்கி, "மெதுவா, மெதுவா" என்று திட்டிக்கொண்டே வராந்தா வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.