பதினெட்டாவது வீடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று என் மேசையில் கிடக்கிறது. முதல் பக்கத்தில் பதினெட்டு வீட்டுக் கதவு எண்கள். தண்ணீர் லாரி வந்தால் யாருக்குப் பின் யார் குடம் வைப்பது என்ற முறை. ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி எழுதியது. ஊரூர் ஒல்காட் குப்பத்தில் அவள் தெருவின் முறை அது. கடைசி எண் அவள் வீடு.

எனக்கு அப்போது ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஒரு கணினி மொழியைத் தொடங்குவேன், மூன்றாம் பாடத்தில், வேறொன்றுக்குத்தான் வேலை இருக்கிறது என்று எவனாவது சொல்வான், அதற்குத் தாவிவிடுவேன். வெட்கமே இல்லாமல் பயோடேட்டாவில் ஏழு மொழிகளைப் போட்டிருந்தேன். அவளோ எந்த மொழி வந்தாலும் இந்தத் தண்ணீர் முறையைத்தான் அதில் முதல் நிரலாக எழுதி ஓட்டிப் பார்ப்பாள். ஒரு வீட்டார் ஊருக்குப் போனால் முறை அடுத்த வீட்டுக்கு. திரும்பினால் மறுபடி அவர்களுக்கு. "இன்னா நைனா, இன்னொண்ணு புச்சா? தண்ணி முறை எனக்கு அத்துப்படி. பாஷைதான் புச்சு. எங்க மாட்டிக்கிதோ அத்த மட்டும் கத்துக்கினா போதும்" என்பாள். ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போடுகிறாயே என்று கிண்டல் செய்வேன்.

ஒருநாள் மேலாளர் புதிய மொழி ஒன்றைச் சொன்னார். இரண்டு வாரத்தில் அதில் எதையாவது எழுதி ஓட்டிக் காட்டுகிறவருக்கே அடுத்த ப்ராஜெக்டில் இடம், மற்றவர் வெளியே. என் வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான். பதறிப்போய் மூன்று வீடியோ வகுப்புகளில் சேர்ந்தேன். எது நல்லது என்று ஒப்பிட்டே பத்து நாள் போனது. காட்ட வேண்டிய நாளில் என் திரையில் சிவப்புப் பிழைச் செய்தி மட்டும் நின்றது. அவளுடையது பதினெட்டு வீட்டையும் வரிசையாகச் சொன்னது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வார்த்தை வாழ்த்தவில்லை. நான் பையைக் கட்டியபோது இந்த நோட்டை உள்ளே வைத்தாள்.

"இத்த முடி நைனா. அப்பால அடுத்தத பாரு."

இப்போது நந்தனத்தில் வேறு வேலை. கைபேசியில் பாதியில் நிற்கும் வகுப்புகள் பதினொன்று. போன வாரம் பன்னிரண்டாவதில் சேரப்போய், என் மேலேயே ஆத்திரம் வந்து, நோட்டைத் தேடி எடுத்தேன். அன்று தோற்ற அதே மொழியில் இந்த முறையை எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினேழு வீடுகள் சரியாக வருகின்றன. பதினெட்டாவது வருவதற்குள் நின்றுவிடுகிறது. விட்டுவிட்டு வேறெதையாவது திறக்கச் சொல்லிக் கை துறுதுறுக்கிறது.

அவள் வீட்டுக்குத் தண்ணீர் வராமல் நான் எழுந்திருக்கப் போவதில்லை.