ஆட்டம் ஸ்டியரிங்கிலா, ஆளிடமா?

எங்கள் மருத்துவமனைத் தோட்டத்து வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு 'ஏன்' என்றே பட்டப்பெயர். மின்விசிறி சுற்றினாலும் ஏன் என்பார், நின்றாலும் ஏன் என்பார். ஸ்டோரில் இருக்கும் எனக்கு அவரிடம் ஒரு நட்டு எடுத்துக் கொடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

புல்வெட்டும் வண்டியை உட்கார்ந்து ஓட்டுபவர் அவருடைய அக்கா வீட்டுக்காரர். குடியை விட்டு இரண்டு வருடம். போன வாரம் வண்டி ரோஜாப் பாத்திக்குள் புகுந்து பாதியை மொட்டையடித்துவிட்டது. "மறுபடி ஊத்திக்கிட்டு வர்றான்" என்று மேலாளர் முடிவுகட்டி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை விசாரணையாம். தீர்ப்பைச் சொல்லிவிட்டு என்ன விசாரணை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'ஏன்' யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தினார். சக்கரங்களை உலுக்கினார், கெட்டியாக இருந்தன. ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் கம்பி மூட்டுகளிலும் குறையில்லை. சாப்பாடு கொண்டுவந்த அக்காவை சீட்டில் ஏற்றிவிட்டு, தான் அடியில் படுத்தார்.

"மெதுவா ஸ்டியரிங்கத் திருப்புக்கா."

"திருப்பிட்டேன்."

"சக்கரம் அசையலையே, ஏன்?"

"கை இவ்வளவு தூரம் வந்தாச்சு. கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

அவர் ஸ்டியரிங் தண்டுக்கு அடியிலிருந்த, விசிறி மாதிரி அரைவட்டமான பல்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். நடுவில் நாலு பல் மட்டும் மழுங்கிக் கிடந்தன. ஓரத்துப் பற்கள் புதுசு மாதிரி.

"ஏன் நடுவுல மட்டும்?" என்று முணுமுணுத்தவர், தானே சிரித்தார். வண்டி நேராகப் போகும்போது நடுப்பல்தான் உழைக்கும். வருடக்கணக்கில் கோணாமல் நேராக ஓட்டித்தான் மனுஷன் அதைத் தேய்த்திருக்கிறார்.

"ஆட்டம் இதுலதான்க்கா. மாமாகிட்ட இல்ல."

ஸ்டோரிலிருந்து புதுசு எடுத்துக் கொடுத்தேன். மாட்டி ஓட்டியதும் புல்லில் கோடு நேராக விழுந்தது. பழைய பல்சக்கரத்தை மேலாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

அதைச் சொல்ல ஓடி வந்தால், அக்கா ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"இப்ப எதுக்குக்கா அழுவுற?" என்று கேட்டார் 'ஏன்'.

"அஞ்சு நாளா அவர் பக்கத்துல போய்ப்போய் வாயை மோந்து பாத்தேன்டா."

"வாடை வந்துச்சா?"

"வரல. வராததையும் நான் நம்பலையே."