மருந்துக்குப் போட்ட சீட்டு

எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், குர்ஆன் ஓதத் தெரியும். அதற்கு மேல் படிப்பில்லை. இருந்தாலும் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போன நாளெல்லாம் யாருக்கும் குறைந்தவளாகப் போகவில்லை. இஸ்திரி போட்ட சாரி, சாப்பாட்டுப் பெட்டியில் பாணும் மாசிச் சம்பலும். கடைச்சோற்றுக்குக் காத்து நிற்கிற குடும்பமில்லை நாங்கள்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் போயிருந்தன. என் மாப்பிள்ளைக்கு, என்னைக் கட்டியவருக்கு, நெஞ்சுக்குள் கென்சர். எங்கள் ஊர் மாம்புரியில் விடியக்காலையில் பஸ் ஏறுவோம். திரும்பிப் பார்த்தால் நுரைச்சோலை மின் நிலையத்தின் புகைக்குழாய் தெரியும்.

"அதுவும் என்னப்போல பீடி குடிக்குது. அதுக்குத்தான் ஒரு டொக்டரும் இல்ல" என்பார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருக்குக் கடல், எனக்கு அடுப்படி. அருகருகே இருந்து அவ்வளவு நேரம் கதைத்தது அந்தப் பஸ்ஸில்தான். இப்போதும் அந்தப் பயணங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் டொக்டர் ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். எங்கள் மகள் வயதுப் பிள்ளை. அவர் சிங்களத்தில் சொல்ல, என்னவர் எனக்குத் தமிழில் சொன்னார். புதியது பழையதை விட நல்லதா என்று இன்னும் தெரியாதாம். அதைப் பார்க்கத்தான் இந்தச் சோதனையாம். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குப் புதியது, மற்றவர்களுக்குப் பழையது. யாருக்கு எது என்று டொக்டர் முடிவு செய்ய முடியாது, கம்ப்யூட்டர் சீட்டுப் போடும். விருப்பமில்லாவிட்டால் சேர வேண்டாம் என்றும் சொன்னார்.

"நோய்க்காரனுக்குச் சீட்டா?" என்றேன்.

"கரைவலைக்கு நாங்க போடல்லியா புள்ள?" என்று சிரித்தார்.

எங்கள் கரையில் வலைக்காரர் பலர், வலை இழுக்கும் இடம் ஒன்று. பருவம் தொடங்கும்போது சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். முறை உள்ளவன் மட்டும் வலை வளைப்பான். மீன் கூட்டம் கண்ணுக்கு முன்னால் போனாலும் மற்றவன் கை கட்டி நிற்பான். அவர் அப்படி நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

சம்மதித்துக் கையெழுத்து வைத்தார். அவருக்கு விழுந்தது பழைய மருந்து.

என் தம்பிக்குக் கொழும்பில் ஒரு பெரிய ஆளைத் தெரியும். "மச்சான், ஒரு டெலிபோன் கோல் எடுத்தா புதுசுக்கு மாத்திப் போடலாம்" என்று வந்து நின்றான். எனக்கும் அதே ஆசைதான். "ஓம் எண்டு சொல்லுங்களே" என்று கெஞ்சினேன்.

"மத்தவன்ட முறையில நான் எப்பவாச்சும் வலை போட்டிருக்கேனா?"

"இது மீனா? உங்கட உசிரு!"

"உசிருதான் புள்ள. ஆளாளுக்கு ஆள் புடிச்சி மாறினா, எந்த மருந்து நல்லம் எண்டு அந்தப் புள்ளைகள் எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"மச்சானுக்கு விசர் புடிச்சிட்டு" என்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான் தம்பி.

அடுத்த பயணத்தில் சிலாபம் வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன். அவர் பாணைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, "சம்பல்ல இருக்கிற கோவம் போதும், முகத்துல வேணாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெருநாளுக்குப் பெருநாள் மெலிந்தார். பிறகு உயிர் பிரிந்து மவுத்தானார்.

சில வருஷம் போய், என்னைத் தாத்தா என்று அக்கா முறை சொல்லிக் கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே கென்சர் வருத்தம் வந்தது. வழி தெரிந்தவள் என்று என்னைத்தான் துணைக்குக் கூட்டிப்போனாள். அதே டொக்டர். தலையில் ஓரிரு நரை, வாயில் கொஞ்சம் தமிழ். என்னை மறந்திருக்கவில்லை. இவளுக்கு அந்தப் புது மருந்தைத்தான் எழுதினார்.

"சீட்டு?" என்று கேட்டேன்.

"இப்ப சீட்டு இல்ல அம்மா. அதுதான் நல்லம் எண்டு தெரிஞ்சி போச்சு. உங்கட மஹத்தயா மாதிரி பழைய மருந்தோட இருந்த ஆக்களாலதான் வித்தியாசம் தெரிஞ்சது."

அப்படியென்றால் அவருக்கு அது விழுந்திருந்தால் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் என்னவருக்குப் பிடிக்காது.

திரும்பும்போது ஜன்னல் பக்கத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். ஊர் கிட்ட வரப் புகைக்குழாய் தெரிந்தது.

"அந்தா பாரு, பீடி குடிக்குது. அதுக்குத்தான் ஒரு டொக்டரும் இல்ல."

காலையிலிருந்து பயந்துகொண்டு வந்தவள் சிரித்தாள். "யாரு தாத்தா இப்படிச் சொன்னது?"

"எங்கட ஆள்தான்" என்றேன்.