வெயிலில் காய்ந்த பேட்டரிக் கட்டைகள்

எண்பதுகளின் தொடக்கத்தில், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கட்டும் என்று அரசாங்கம் ஒரு மரப்பெட்டி நிறைய சாமான் அனுப்பியிருந்தது. காந்தம், லென்ஸ், சோதனைக் குழாய், பல்பு, ஒயர், பேட்டரிக் கட்டைகள். ஏதாவது உடைந்தால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லாவற்றையும் கரும்பலகையில் படமாகவே வரைந்து தள்ளினேன். படம் என்னவோ பிரமாதமாகத்தான் இருக்கும்!

ஒருநாள் மதியம் அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல். காலையில் அவசரமாகப் பெட்டியைத் திறந்து பல்பை எரியவைக்கப் பார்த்தேன். ம்ஹூம். ஒயரை மாற்றி மாற்றிச் சுற்றியும் எரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஏழாம் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு அவள் அப்பா வந்து நின்றார். "கடலை புடுங்கற வேலை கீது டீச்சரம்மா. படிச்சி இன்னா ஆவப்போவுது? இவ பேரை அடிச்சிடுங்க."

அழுது வீங்கிய முகம் அவளுக்கு. அவளுக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என் கவலை எனக்கு. "அதிகாரி வந்து போகட்டும், அப்புறம் அடிக்கிறேன், உட்காருங்க" என்றேன்.

அவள் கண் பல்பு மேலேயே இருந்தது. "டீச்சர், கட்டை சோந்து போய்க் கீது. வெயில்ல வெச்சா முழிச்சிக்கும். எங்க வூட்டு பேட்டரி லைட்டுக்கு நான்தான் மெக்கானிக்கு."

அவளே கட்டைகளை முற்றத்துக் கல்லில் காயவைத்தாள். களிம்பு பிடித்த ஒயர் முனைகளை மண்ணால் தேய்த்தாள். மதியம் அதிகாரி முன்னால் அவள் கையாலேயே பல்பு எரிந்தது. "நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க" என்று அவர் என்னைப் பாராட்ட, எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "இவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், சார்" என்று ஒப்புக்கொண்டேன்.

ஜன்னலோரம் நின்றிருந்த அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேரை அடிக்க வாணாம் டீச்சரம்மா. கடலைய நானே புடுங்கிக்கிறேன்."

மறுநாளே பெட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். அந்த வருஷம் ஒரு லென்ஸும் நாலு சோதனைக் குழாயும் உடைந்தன. பதில் எழுதிக் கொடுத்தேன், தலை ஒன்றும் போய்விடவில்லை. அன்று அதிகாரி மட்டும் வராமல் போயிருந்தால், ஒரு சாமானும் உடையாத பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை நானே கடலைக் கொல்லைக்கு அனுப்பியிருப்பேன் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.